கோழிக்குப் பொங்கல் தெரியாது: ஒரு ஆட்டோமேஷன் கம்பெனியின் ஆள் கணக்கு

2023இல் பொங்கல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று மதியம் மூன்று மணிக்கு நான் ஓசூரில், ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில், மின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் நிற்கும் பேனல் அறையில் மடியில் லேப்டாப்புடன் உட்கார்ந்திருந்தேன். நாமக்கல்லில் இருந்து போன். அங்கே ஒரு கோழித்தீவன ஆலையில் எங்கள் கம்பெனிப் பையன் ஒருவன் பழைய பி.எல்.சி.யை, அதாவது ஆலை இயந்திரங்களை ஓட்டி நிறுத்தும் சின்னக் கணினியை, கழற்றிவிட்டுப் புதியதை மாட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சார், ஒவ்வொரு பேட்ச்சும் அலாரம் அடிச்சு நின்னுடுது. மக்காச்சோளம் 12 கிலோ கூட விழுது. சோயா 7 கிலோ கூட.”

நான் பதில் சொல்வதற்குள் ஆலை முதலாளி போனை வாங்கிவிட்டார். “தம்பி, உங்களுக்கெல்லாம் பொங்கலுங்க, சரி. கோழிக்குப் பொங்கல் தெரியுமாங்க?”

அவர் கோபத்தில் கணக்கு இருந்தது. முட்டைக்கோழி ஒன்று ஒரு நாளைக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும். ஒரு லட்சம் கோழிக்கு 11 டன். அவருடைய பண்ணைகளில் நாலு லட்சம் கோழி. நாங்கள் வேலை முடிக்கும்வரை தாங்கட்டும் என்று முன்கூட்டியே அரைத்து வைத்த தீவனம் செவ்வாய் சாயங்காலம் வரைதான் வரும்.

தீவன ஆலையில் ஒவ்வொரு சரக்கையும் ஒரு ஸ்க்ரூ கன்வேயர் எடைத்தொட்டிக்குள் தள்ளும். எடை வந்ததும் பி.எல்.சி. அதை நிறுத்தும். ஆனால் நிறுத்திய பிறகும், ஸ்க்ரூ வாயை விட்டுக் கிளம்பி அந்தரத்தில் இருக்கும் சரக்கு விழத்தான் செய்யும். அதனால் குறித்த எடைக்குச் சில கிலோ முன்னதாகவே நிறுத்த வேண்டும். எத்தனை கிலோ என்பது சரக்குக்குச் சரக்கு மாறும். மக்காச்சோளத்துக்கு ஒரு கணக்கு, தவிட்டுக்கு வேறு கணக்கு. பழைய பி.எல்.சி.யில் ஆலை ஆபரேட்டர்கள் பத்து வருடமாகத் திருத்தித் திருத்தி வைத்திருந்த எண்கள் இருந்தன. அவற்றைக் குறித்துக்கொள்ளாமல் எங்கள் பையன் பேனலைக் கழற்றிவிட்டான். புதிய புரோகிராமில் அந்த இடமெல்லாம் பூஜ்யம்.

அவனைத் திட்டத் தோன்றவில்லை. சேர்ந்து ஒரு வருடம் இரண்டு மாதம். தனியாக அனுப்பியது நான். ஒவ்வொரு சரக்கையும் தனித்தனியாக மூன்று முறை ஓட்டு, எவ்வளவு கூட விழுகிறது என்று எழுது, சராசரியைப் போடு என்று போனிலேயே சொல்லிக்கொண்டிருந்தேன். மாட்டுப் பொங்கல் அன்று விடியற்காலை நாலு மணிக்கு முதல் நல்ல பேட்ச் இறங்கியது. நாமக்கல் தப்பித்தது. ஆனால் போனில் கழிந்த அந்த நேரத்தில் ஓசூர் வேலை நின்றுபோனது. புதன்கிழமை காலை ஷிப்டுக்கு ஓட வேண்டிய லைன் மதியம்தான் ஓடியது. அதற்கான பிடித்தம் பில்லில் வந்தது.

அதே நாட்களில் பெருந்துறையில் மூன்றாவது சைட் ஒன்றும் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று சைட், தனியாக நிற்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். இத்தனைக்கும் எங்கள் எக்ஸெல் தாளில் அந்த மாதம் ஐம்பது ஆள்-நாள் (ஒரு ஆள் ஒரு நாள் செய்யும் வேலை ஒரு ஆள்-நாள்) மிச்சம் இருந்தது. அந்த ஐம்பது நாள் எங்கே போயின என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரையில் உள்ளதையெல்லாம் கற்றுக்கொண்டேன்.

நாங்கள் கோவையில் இருக்கும் சிறிய ஆட்டோமேஷன் கம்பெனி. பேனல் செய்வோம், பி.எல்.சி. புரோகிராம் எழுதுவோம், சைட்டில் போய் ஓட்டிக் கொடுப்போம். இந்தப் பக்கம் ஆட்டோமேஷன் தேவை அலை அலையாக வந்திருக்கிறது. 2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன்பிறகு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகாதபடி சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. தண்ணீரைச் சவ்வில் வடிக்கும் ஆர்.ஓ., மிச்சத்தை ஆவியாக்கும் எவாப்பரேட்டர் என்று எல்லாமே கட்டுப்பாட்டுப் பேனல் கேட்கும் சமாச்சாரங்கள். அப்புறம் மில்களில் ஆள் கிடைக்காத காலம். அப்புறம் கொரோனாவுக்குப் பிறகு, தள்ளி வைத்திருந்த வேலையெல்லாம் ஒன்றாகக் கிளம்பிய காலம். 2023இல் இந்தியாவில் நிறுவிய தொழிற்சாலை ரோபோக்கள் 8,510 என்றும், அது முந்தைய ஆண்டைவிட 59 சதவீதம் அதிகம் என்றும் சர்வதேச ரோபாட்டிக்ஸ் கூட்டமைப்பு கணக்குச் சொல்கிறது. எங்கள் வாடிக்கையாளர்களில் பலர் இன்னும் ரோபோ பக்கம் போகவில்லை. ஆனால் ரோபோ வாங்குபவரிடம் இருந்து ஆர்டர் பெறும் சின்ன ஃபவுண்டரிக்காரர், தன் மணல் பிளான்ட்டையாவது சரி செய்துகொள்ள வருகிறார். பழைய பி.எல்.சி. மாடல்களை அவற்றைச் செய்யும் கம்பெனிகள் நிறுத்திக்கொண்டே வருவதால் மாற்றிக் கொடுக்கச் சொல்லும் ஆர்டர்கள் வேறு.

2022இல் பொறியாளர்கள் 14 பேர். மாதம் 25 நாள் என்றால் 350 ஆள்-நாள். கையில் இருந்த ஆர்டர்களுக்கு 300 போதும் என்று எக்ஸெல் சொன்னது. எங்கள் முதலாளி சந்தோஷமாக மேலும் இரண்டு ஆர்டர் எடுத்தார். அந்தத் தாளைத் தயாரித்தவன் நான்தான்.

முதல் ஓட்டை, ஒரு ஆளின் வருடம் எவ்வளவு நீளம் என்பது. 365இல் 52 ஞாயிறு போச்சு. பண்டிகை விடுமுறை 12, சொந்த லீவு 18. மிச்சம் 283. இதுவரை எல்லோரும் போடும் கணக்குதான். அதற்குப் பிறகு மூன்று மாதம் எல்லோரையும் தினமும் ஒரே ஒரு வரி எழுதச் சொன்னேன்: இன்று எந்த வேலை. பொறியாளர்களுக்கு டைம்ஷீட் என்றாலே வேப்பங்காய். அதனால் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு வரி போட்டால் போதும் என்றேன். மூன்று மாத முடிவில் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு நேரம் எந்த ஆர்டரிலும் இல்லை. பழைய வாடிக்கையாளர் போன், விலைப்புள்ளிக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பது, பஸ்ஸில் போவது வருவது, புதியவர்களுக்குச் சொல்லித் தருவது. 283 நாள் சுருங்கி 190 ஆகிவிட்டது. மாதத்துக்குப் பதினாறுக்கும் குறைவு. நான் போட்டிருந்தது 25.

இரண்டாவது ஓட்டை பெரியது. எங்கள் வேலை மாதம் முழுக்கச் சீராக வருவதில்லை. ஓடும் ஆலையை நிறுத்தினால்தான் பழைய பேனலைக் கழற்ற முடியும். ஆலை நிற்பது பொங்கல், ஆயுத பூஜை, தீபாவளி. வாகனத் தொழிற்சாலை என்றால் டிசம்பர் கடைசி வாரம். ஆக, எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே நாலு நாள் வேண்டும். ஆர்டர் வருவதும் அப்படித்தான்: மார்ச் முடிவதற்குள் பட்ஜெட்டைச் செலவழிக்க வேண்டும் என்று கடைசிப் பதினைந்து நாளில் பி.ஓ.க்கள், அதாவது கொள்முதல் ஆணைகள், கொட்டும். நான் போட்ட மாதக் கணக்கு சராசரி. ஆற்றின் சராசரி ஆழம் மூன்றடி என்று கேட்டுக்கொண்டு இறங்கியவன் கதை.

மூன்றாவது, தலையை எண்ணியது. 14 பேரில் தனியாக சைட்டில் நிற்கக்கூடியவர்கள் 2022 தொடக்கத்தில் நாலு பேர். அதில் ஒருவர் பெங்களூர் போனார், இன்னொருவர் சவூதி போனார். அந்த இரண்டு இடத்துக்கும் சேர்த்து ஆறு புதியவர்களை எடுத்தோம். தாளில் எண்ணிக்கை கூடியது. நடந்ததோ நேர் எதிர். ஆறு பேருக்கும் சொல்லிக்கொடுக்கும் வேலை மிச்சமிருந்த இரண்டு பேர் தலையில் விழுந்ததால் அவர்களுடைய வேலையும் பாதியாகிவிட்டது.

பொங்கல் முடிந்து வந்ததும் பம்பு கடைக்காரர் கொடுத்த மாதக் காலண்டரை என் மேசைக்கு எதிரே மாட்டினேன். ஸ்டேஷனரி கடையில் வட்ட ஸ்டிக்கர் மூன்று நிறத்தில் வாங்கினேன். தனியாக சைட்டுக்குப் போகக்கூடியவர் பச்சை. கூட ஒருவர் இருந்தால் போகலாம் என்றால் மஞ்சள். ஆபீஸில் மட்டும் என்றால் சிவப்பு. ஆலைகள் நிற்கும் ஒவ்வொரு ஷட்டவுன் வாரத்திலும் எத்தனை சைட், எத்தனை பச்சை, இவ்வளவுதான். இதைவிட அழகான மென்பொருள் நிறைய இருக்கிறது. ஆனால் முதலாளி டீ குடிக்க என் அறைக்கு வரும்போது கண்ணில் படுவது காலண்டர்தான்.

யார் பச்சை என்பதில் முதலில் தகராறு வந்தது. ‘எனக்கு நாலு வருஷம் ஆச்சு சார்’ என்று ஒருவர் வந்து நின்றார். வருடத்தை வைத்து நான் முடிவு செய்யவில்லை. மூன்று விஷயம் பார்த்தேன். பழையதைக் கழற்றுமுன் பேக்கப் எடுத்து, திரையில் இருக்கும் செட்டிங் எல்லாவற்றையும் போட்டோ பிடித்து வைக்கிறாரா? இது நாமக்கல் தந்த பாடம். பாதி ராத்திரியில் ஒரு சென்சார் சிக்னல் வரவில்லை என்றால் கோளாறு வயரிலா, சிக்னலை வாங்கும் பி.எல்.சி. கார்டிலா, புரோகிராமிலா என்று யாருக்கும் போன் போடாமல் கண்டுபிடிப்பாரா? மூன்றாவதுதான் கஷ்டம். இன்டர்லாக் என்பது ஆபத்தான நிலையில் இயந்திரத்தை ஓடவிடாத தடுப்பு. ‘அந்த இன்டர்லாக்கை பைபாஸ் பண்ணிடுங்க, ஓட்டிப் பார்த்துடலாம்’ என்று பிளான்ட் மேனேஜர் சொல்லும்போது, முடியாது சார் என்று அவர் மூஞ்சிக்கு நேரே சொல்லத் தெரிகிறதா? நாலு வருடக்காரர் முதல் இரண்டில் தேறினார். மூன்றாவதில் அவரே தலையை ஆட்டிவிட்டு, இன்னும் ஆறு மாதம் மஞ்சளாகவே இருக்கிறேன் என்றார்.

சிவப்பில் இருந்து பச்சைக்கு வர எங்கள் அனுபவத்தில் ஒன்றரை வருடத்தில் இருந்து இரண்டு வருடம் ஆகிறது. ஆர்டர் கையெழுத்தானதில் இருந்து சைட் வர ஐந்து மாதம். ஆர்டர் வந்தபிறகு ஆள் எடுத்தால் அந்த ஆர்டருக்கு உதவமாட்டார் என்பது இந்த இரண்டு எண்ணைப் பார்த்தாலே தெரியும். எங்களுக்கு அது காலண்டர் மாட்டியபிறகுதான் தெரிந்தது. இப்போது கல்லூரி முடிந்து வரும் ஜூன் மாதத்தில் வருடா வருடம் இரண்டு பேர் எடுக்கிறோம். ஆர்டர் மந்தமாக இருந்தாலும் இரண்டு, குவிந்தாலும் மூன்றுக்கு மேல் இல்லை. ஒரு பச்சையால் இரண்டு சிவப்பைத்தான் சுமக்க முடியும். முதல் மந்த வருடத்தில் முதலாளியிடம் இதற்காக நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அவர்கள் கற்றுக்கொள்ள பேனல் கடையின் மூலையில் ஒரு மேசை போட்டோம். சைட்டில் கழற்றி வந்த பழைய பி.எல்.சி., மோட்டார் வேகத்தை மாற்றும் ஒரு வி.எஃப்.டி., அரை எச்.பி. மோட்டார், எடை அளக்கும் ஒரு லோட்செல், அதன்கீழ் பிளாஸ்டிக் வாளி. வாளியில் மணல் கொட்டி எடை நிறுத்தப் பழகுகிறார்கள். காயலான் கடைச் சரக்குதான். ஆனால் நாமக்கல்லில் நடந்ததை அந்த வாளியில் அரைமணி நேரத்தில் காட்டிவிடலாம்.

இன்னொரு பாடம், நெரிசல் எப்போதும் நாம் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் இருக்காது. புரோகிராம் எழுத ஆள் போதவில்லை என்றே நாங்கள் புலம்பிக்கொண்டிருந்தோம். எலெக்ட்ரிகல் டிராயிங் போடுபவர் ஒரே ஒருவர், ஒரு சகோதரி. எந்த ஆர்டரும் அவர் மேசையைத் தாண்டித்தான் பேனல் கடைக்குப் போகும். அவர் மகப்பேறு விடுப்பு பற்றிச் சொன்னபோது எங்களுக்கு நாலு மாதத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. 2017 சட்டத் திருத்தத்தின்படி விடுப்பு 26 வாரம். அதாவது அரை வருடம். நல்லபடியாக நடக்கட்டும் அம்மா என்று வாழ்த்திவிட்டு அத்தனை மாதமும் சும்மா இருந்தோம். அவர் போன மூன்றாவது வாரம் பேனல் கடையில் வயர்மேன்கள் கை கட்டி நின்றார்கள். வேறொரு டிராயிங் ஆளைப் பிடித்து, எங்கள் முறைக்குப் பழக்கி முடிப்பதற்குள் இவரே திரும்பி வந்துவிட்டார். இப்போது ஒரே ஆள் மட்டும் செய்யும் வேலை எது என்பது காலண்டரின் அடியில் சிவப்பு மையில் எழுதியிருக்கும். அந்த வேலையில் இரண்டாவது ஆளை மஞ்சள் அளவுக்காவது பழக்கிவிட வேண்டும்.

ஒரே ஆளை நூறு சதவீதம் நிரப்பி வைப்பதிலும் ஒரு விஷம் இருக்கிறது. வேலை ஒழுங்கில்லாமல் வந்து சேரும் ஒற்றைக் கவுன்டர் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே இருப்பவர் 80 சதவீத நேரம் வேலையாக இருந்தால், வருகிறவர் தன் வேலைக்குப் பிடிக்கும் நேரத்தைப்போல சராசரியாக நாலு மடங்கு காத்திருக்க வேண்டும். 90 சதவீதம் என்றால் ஒன்பது மடங்கு. 95 என்றால் பத்தொன்பது. வரிசைகளைப் பற்றிய கணிதத்தில் இது அரிச்சுவடி. 90க்கும் 95க்கும் நடுவே இருக்கும் அந்த ஐந்து சதவீதத்தைப் பிழியத்தான் நாம் எல்லோரும் ஆசைப்படுகிறோம். எங்கள் டிராயிங் மேசையில் நடந்தது அதுதான். இப்போது நெரிசல் உள்ள இடத்தில் முக்கால்வாசிக்கு மேல் வேலை ஏற்றுவதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று முதலாளி இன்னும் கேட்கிறார்.

ஆள் சேர்க்காமலே ஆள் பலம் கூட்டிய ஒரே விஷயம், ஒருமுறை எழுதி எல்லா வேலைக்கும் பயன்படுத்தும் புரோகிராம் பிளாக்குகள். ஒரு மோட்டார் என்றால் ஆட்டோ, மேனுவல், இன்டர்லாக், கோளாறு என்றால் தானே நிற்கும் டிரிப், ஓடுகிற சிக்னல் வராவிட்டால் அலாரம், ஓடிய மணிநேரம், எல்லாம் வேண்டும். ஆளுக்கு ஆள் புதிதாக எழுதிக்கொண்டிருந்தோம். பதினைந்து வருடமாக ஒரே மோட்டாரைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறோம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இதைச் சரி செய்ய, அப்போது இருந்த நாலு பச்சைகளில் ஒருவரை நாலு மாதம் எந்த சைட்டுக்கும் அனுப்பாமல் உட்கார வைத்தேன். அந்த நாலு மாதமும் வசவுதான். அதன்பிறகு நானூறு ஐ.ஓ. (பி.எல்.சி.க்கு உள்ளே வரும், வெளியே போகும் சிக்னல்கள்) அளவு வேலைக்குப் புரோகிராம் எழுத முன்பு 25 நாள் ஆனது, இப்போது 12, 13 நாள். இதைவிடப் பெரிய லாபம், யார் எழுதினாலும் ஒரே மாதிரி இருப்பதால் ஒருவர் சைட்டுக்கு இன்னொருவர் போக முடிகிறது. மஞ்சள்களில் இரண்டு பேர் சீக்கிரமே பச்சை ஆனதற்கு இதுவும் காரணம்.

ஐ.ஓ. எண்ணிக்கையை வைத்து வேலையின் கஷ்டத்தை எடை போடக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தீவன ஆலை வெறும் 180 ஐ.ஓ. அதனால்தான் ‘சின்ன வேலை’ என்று பையனை அனுப்பினேன். பெருந்துறை 600க்கு மேல், ஆனால் பெரும்பாலும் பம்பும் வால்வும். எடை, வெப்பநிலைக் கட்டுப்பாடு, துல்லியமாக நகர்த்தும் சர்வோ மோட்டார் இருந்தால் சைட் நாட்களை இரண்டு மடங்காகப் போடுகிறேன். ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஆலை என்றால் இன்னும் ஒன்றரை மடங்கு.

வரப்போகும் ஆர்டரைக் கணிப்பது தனிக் கலை. விற்பனைத் தம்பியைக் கேட்டால் எல்லாமே ‘கிடைச்சிடும் சார்’தான். அவர் வேலை அப்படி. பழைய விலைப்புள்ளிகளை எடுத்து எண்ணினோம். நாலில் ஒன்றுதான் ஆர்டராகியிருந்தது, அதுவும் சொன்ன மாதத்தில் இருந்து சராசரியாக இரண்டு மாதம் தள்ளி. இப்போது காலண்டரில் பென்சிலால் கால்வாசி எழுதுகிறோம். முன்பணம் வந்தால் பேனா.

பொருள் வருவதைப் பார்க்காமல் ஆளைத் திட்டமிட்டும் சூடு பட்டிருக்கிறோம். 2021, 22இல் சிப் தட்டுப்பாடு. எட்டு வாரத்தில் வந்துகொண்டிருந்த சில கார்டுகளுக்கு நாற்பது வாரம் சொன்னார்கள். மூன்று மாதம் பாதிப் பேருக்கு வேலை இல்லை, அப்புறம் எல்லாக் கார்டும் ஒரே மாதத்தில் வந்து இறங்கின. 2023 பொங்கல் நெரிசலுக்கு அதுவும் ஒரு காரணம். அதிலிருந்து, கார்டு வருவதற்கு முன்பே, கணினியில் ஆலையைப்போல நடித்துக் காட்டும் சிமுலேட்டரில் போட்டு புரோகிராமைச் சோதித்து முடித்துவிடுகிறோம்.

வெளியாள்? பேனல் வயரிங்குக்குத் தாராளமாகக் கூப்பிடலாம். டிராயிங்கும் நம்பரும் சரியாக இருந்தால் யார் வயர் அடித்தாலும் ஒன்றுதான். புரோகிராமுக்குக் கூப்பிட்டு ஒருமுறை மாட்டிக்கொண்டோம். வேலை ஓடியது. எட்டு மாதம் கழித்து ஒரு கோளாறு வந்தபோது அந்தப் புரோகிராமில் ஒரு வரி விளக்கம் கூட இல்லை. எழுதியவர் துபாயில்.

எல்லாவற்றிலும் கஷ்டமானது வாடிக்கையாளரிடம் தேதி இல்லை என்று சொல்வது. 2024 பொங்கலுக்கு ஐந்து சைட் கேட்டார்கள், பச்சை மூன்று. நான் ஓசூரில் இருந்துகொண்டு நாமக்கல்லுக்குப் போன் பேசியது நினைவிருந்ததால், ஒருவரைக் காத்திருப்பில் வைத்துவிட்டு இரண்டே சைட் எடுக்கலாம் என்றேன். முதலாளி ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மற்ற மூன்று பேரிடமும் செப்டம்பரிலேயே போய்ச் சொன்னோம். ஒருவர் சித்திரை வருடப்பிறப்புக்குத் தள்ளிக்கொண்டார். ஒருவர் ஆலையை இரண்டு பாதியாக நிறுத்தி, ஞாயிறு ஞாயிறாகச் செய்யச் சம்மதித்தார். மூன்றாமவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார், அது போனது போனதுதான். நாமக்கல் முதலாளி என்ன செய்தார் தெரியுமா? அடுத்த வருடம் இரண்டாவது ஆலைக்கு எங்களையே கூப்பிட்டார். ஒரே நிபந்தனை, ‘அன்னிக்கு ராத்திரி பூரா உட்கார்ந்த பையனையே அனுப்புங்க தம்பி.’ அவன் அப்போது பச்சை.

இந்த வருடக் காலண்டரும் அதே பம்பு கடைதான். பச்சை ஸ்டிக்கர் ஏழு. பொங்கலுக்கு ஆறு சைட்டுக்கு ஒப்புக்கொண்டு ஒருவரைக் காத்திருப்பில் வைக்கலாம் என்று முதலாளியும் நானும் பேசி முடித்த அன்று சாயங்காலம், நாமக்கல் பையன் வெட்கத்தோடு வந்து பத்திரிகையை நீட்டினான். தை எட்டாம் தேதி கல்யாணம். ‘பொங்கலுக்கு மட்டும் சைட் வேண்டாமுங்க சார்.’

ஏழு என்பதை அடித்துவிட்டு ஆறு என்று எழுதினேன். ஐந்து சைட்.